ஒரு தாளில் ஒப்புக்கொடுத்தல்: உடன்படிக்கை எழுதுவதும் காப்பதும்

கன்வென்ஷன் பந்தலில் கடைசி நாள் இரவு. பிரசங்கம் முடிந்து, கீபோர்டு மெதுவாக ஓடிக்கொண்டிருக்க, "வாழ்க்கையை முழுவதுமாக ஒப்புக்கொடுக்கிறவர்கள் முன்னால் வாருங்கள்" என்று அழைப்பு வருகிறது. ஐம்பது பேர் எழுந்து போகிறார்கள். அதில் பாதிப் பேர் போன வருஷமும் அதே ஜமுக்காளத்தில் நின்றவர்கள். கண்ணீர் பொய்யில்லை. ஆனால் மறுநாள் காலை அவர்களில் ஒருவரிடம் "எதை ஒப்புக்கொடுத்தீங்க?" என்று கேட்டால், "எல்லாத்தையும்" என்பார். அந்த எல்லாவற்றிலும் வங்கிக் கணக்கு உண்டா, தங்கைக்குப் பிரித்துத் தராமல் இருக்கும் வீட்டுப் பங்கு உண்டா, இரவு பதினொன்றுக்குப் பிறகு கையில் இருக்கும் போன் உண்டா என்று கேட்டால் பதில் வராது.

பெயர் சொல்லாமல் கொடுத்தது கைமாறுவதில்லை. இந்த வழிகாட்டி சொல்வது அவ்வளவுதான். ஒப்புக்கொடுத்தலை வரி வரியாக எழுதி, ஒரு தேதியில் கையெழுத்திட்டு, வாரா வாரம் இன்னொருவர் முன் கணக்குப் பார்ப்பது எப்படி என்பதே இனி வருவது. தயாரிப்புக்கு நான்கு வாரம், காப்பதற்கு ஒரு வருஷம்.

இது புது வழக்கமல்ல

வேதாகமத்தில் நெகேமியா 9-ஆம் அதிகாரம், எருசலேமில் கூடிய இஸ்ரவேலரின் நீண்ட பாவ அறிக்கை. அழுகையோடு கூட்டம் கலைந்திருக்கலாம். கலையவில்லை. அந்த அதிகாரத்தின் கடைசி வசனத்தில் உடன்படிக்கையை எழுதி முத்திரை போடுகிறார்கள். 10-ஆம் அதிகாரத்தில் முத்திரை போட்டவர்களின் 84 பெயர்கள் வருகின்றன. அதற்குப் பிறகு வரும் வாசகங்களைக் கவனியுங்கள்: பிள்ளைகளின் திருமண சம்பந்தம், ஓய்வுநாளில் விற்க வருகிறவர்களிடம் சரக்கு வாங்காதிருப்பது, ஏழாம் வருஷத்தில் கடனை விட்டுவிடுவது, ஆலயத்துக்கு வருஷத்துக்கு ஒரு சேக்கலில் மூன்றில் ஒரு பங்கு, பலிபீடத்துக்கு யார் எப்போது விறகு கொண்டுவருவது என்று சீட்டுப்போட்டுத் தீர்மானித்தது. "முழு இருதயத்தோடு சேவிப்போம்" என்று ஒரு வரியில் முடித்திருந்தால் விறகு வந்திருக்காது.

இங்கிலாந்தில் மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி இதை ஆராதனையாகவே ஆக்கினார். 1755 ஆகஸ்ட் 11, மாலை 6 மணி, லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியிலிருந்த பிரெஞ்சு ஆலயம். முந்தின நூற்றாண்டின் பியூரிட்டன் போதகரான ரிச்சர்ட் அலீன் எழுதிய உடன்படிக்கை வாசகத்தை வெஸ்லி வாசிக்க, ஏறக்குறைய 1,800 பேர் எழுந்து நின்று சம்மதம் தெரிவித்ததாக அவர் நாட்குறிப்பில் இருக்கிறது. மெதடிஸ்டு சபைகளில் அது புத்தாண்டை ஒட்டிய வழக்கமாக நிலைத்தது. வெஸ்லியன் மிஷனெரிகள் 1814-ல் இலங்கைக்கும், 1817-ல் சென்னைக்கும் வந்தார்கள். 1947-ல் ஒன்றுசேர்ந்த தென்னிந்தியத் திருச்சபைக்குள் மெதடிஸ்டுகளும் இருந்ததால், அதன் ஆராதனை முறைமைகளிலும் உடன்படிக்கை ஆராதனை உண்டு. நம் சபைகளில் டிசம்பர் 31 இரவு, புது வருஷத்துக்கான வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை வாங்குவதற்கு இருக்கும் நெரிசல் இதற்கு இல்லை. அட்டை தேவன் நமக்குத் தருவது. இது நாம் தருவது. நெரிசல் எந்தப் பக்கம் இருக்கும் என்பதில் ஆச்சரியம் என்ன?

முதல் வாரம்: எது ஒப்புக்கொடுத்தல், எது இல்லை

தாளை எடுக்குமுன் மூன்று குழப்பங்களைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

பொருத்தனையும் இதுவும் ஒன்றல்ல. "பையனுக்கு மெடிக்கல் சீட் கிடைத்தால் ஆலயத்துக்கு மின்விசிறி வாங்கித் தருகிறேன்" என்பது பொருத்தனை. யாக்கோபு பெத்தேலில் செய்ததும் (ஆதியாகமம் 28:20), அன்னாள் சீலோவில் செய்ததும் பொருத்தனைதான், அது பாவமல்ல. செய்தால் நிறைவேற்றத் தாமதிக்கக் கூடாது என்று பிரசங்கி 5:4 எச்சரிக்கிறது. ஆனால் அதில் "கிடைத்தால்" இருக்கிறது. ஒப்புக்கொடுத்தலில் அந்தச் சொல் கிடையாது. நீங்கள் எழுதப்போகும் தாளில் "ஆல்" விகுதியில் முடியும் வரி ஒன்று இருந்தாலும் அடித்துவிடுங்கள்.

இரட்சிப்பை வாங்குவதற்கான விலையும் இது அல்ல. ரோமர் 12:1 "அப்படியிருக்க" என்று தொடங்குகிறது. முந்தின பதினோரு அதிகாரமும் தேவன் செய்து முடித்ததைச் சொல்லிவிட்டு, அந்த "இரக்கங்களை முன்னிட்டு" சரீரங்களை ஜீவபலியாக ஒப்புக்கொடுங்கள் என்கிறார் பவுல். வரிசை மாறினால் உடன்படிக்கை பயத்தில் ஓடும். பயத்தில் ஓடுவது மூன்றாம் வாரத்தில் நின்றுவிடும்.

மூன்றாவது குழப்பம் ஆபத்தானது. தேவனுக்கு ஒப்புக்கொடுப்பது வேறு, ஒரு மனிதரின் கையில் உங்களை ஒப்படைப்பது வேறு. உங்கள் ஏடிஎம் கார்டு, திருமண முடிவு, மருத்துவரின் மாத்திரை, பெற்றோருடனான பேச்சு இவற்றை எந்தப் போதகரோ தீர்க்கதரிசியோ "ஒப்புக்கொடு" என்று தன் கைக்குக் கேட்டால், அது சீஷத்துவம் அல்ல. நீரிழிவு, இரத்த அழுத்த, மனநல மருந்துகளை விசுவாசத்தின் பெயரால் நிறுத்தக் கூடாது. அடிக்கிற கணவனைப் பொறுத்துக்கொள்வதுதான் உன் சிலுவை என்று ஒரு பெண்ணிடம் சொல்வதும் வேத விரோதம். லூக்கா 9:23 தன் சிலுவையை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. இன்னொருவர் கையிலுள்ள கம்புக்கு முதுகைக் காட்டச் சொல்லவில்லை. அந்த வீட்டில் முதல் படி பாதுகாப்பான இடத்துக்குப் போவதுதான். தாள் பிறகு.

அதே லூக்கா 9:23-ல் "அனுதினமும்" என்ற சொல் இருப்பதையும் பாருங்கள். மத்தேயுவிலும் மாற்குவிலும் இதே வசனம் உண்டு, அந்தச் சொல் இல்லை. லூக்காவில் மட்டும்தான். இந்த வாரம் தினம் ஒரு பகுதி வாசிக்கலாம்: லூக்கா 9:18-27, லூக்கா 14:25-35, லூக்கா 19:1-10, மாற்கு 10:17-31, ரோமர் 12, நெகேமியா 9, நெகேமியா 10. ஏழு நாள், ஏழு பகுதி. லூக்கா 14-ல் கோபுரம் கட்டுகிறவன் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கும் இடத்தில் ஒரு அடிக்கோடு போடுங்கள். அடுத்த வாரம் அதைத்தான் செய்யப்போகிறோம்.

இரண்டாம் வாரம்: மூன்று சான்றுகள்

மனசாட்சியை மட்டும் கேட்டால் அது நல்ல பிள்ளை மாதிரி பேசும். அதனால் மேசையில் மூன்று சான்றுகளை வையுங்கள்: கடந்த மூன்று மாத வங்கிக் கணக்கு அறிக்கை (ஜிபே, போன்பே உட்பட), போனின் ஸ்கிரீன் டைம் பக்கம், நீங்கள் பேசாமல் இருக்கிறவர்களின் பட்டியல். கூட ஒரு நாற்பது பக்க நோட்டு. இரண்டு மாலை, தலா ஒரு மணி நேரம் போதும்.

நோட்டில் ஏழு தலைப்புகள்: பணம், நேரம், சரீரம், நாவு, உறவுகள், வேலையும் லட்சியமும், சபையில் என் இடம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம். இடப்பக்கம் "இப்போது இருப்பது", வலப்பக்கம் காலி.

இடப்பக்கத்தில் உண்மையும் எண்ணும் மட்டும் வேண்டும், வருத்தம் வேண்டாம். பணப் பக்கம் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரி. மாத வருமானம் 32,000 ரூபாய். வாடகை 8,000. வண்டித் தவணை 3,400. சீட்டு 2,000. ஹோட்டலும் வீட்டுக்கு வரவழைத்த பிரியாணியும் 2,800. கல்யாண மொய் 1,500. ஓடிடியும் ரீசார்ஜும் 900. ஞாயிறு காணிக்கை வாரம் 50 வீதம் 200. இதைப் பார்த்ததும் "பாவி நான்" என்று ஒரு பக்கம் எழுதத் தோன்றும். வேண்டாம். 2,800-க்கு எதிரே 200 என்று அந்த இரண்டு எண்களும் அருகருகே நிற்கட்டும். அவை பேசும்.

நேரப் பக்கமும் அப்படியே. போன் நாளுக்கு 4 மணி 10 நிமிஷம், அதில் இன்ஸ்டாகிராமும் யூடியூபும் 2 மணி 45 நிமிஷம், வேதாகமச் செயலி 3 நிமிஷம். அந்த 3 நிமிஷமும் பெரும்பாலும் தினவசனத்தை ஸ்டேட்டஸில் போடத் திறந்ததாக இருக்கும்.

உறவுகள் பக்கம்தான் பலருக்குக் கை நின்றுவிடும் இடம். அங்கே எழுத வேண்டியவை: யாரோடு பேச்சு இல்லை, எத்தனை வருஷமாக, யாருக்குப் பணம் தர வேண்டும், உடன்பிறந்தவளுக்குச் சேர வேண்டிய சொத்தில் கையெழுத்து வாங்கினது எப்படி, மருமகளிடம் கேட்டு வாங்கின நகை எத்தனை பவுன். கூடவே இன்னொன்று. நம் சபைகளில் மிகக் குறைவாக ஒப்புக்கொடுக்கப்பட்டது சாதி. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாட்டை உடனே முற்றிலுமாக விட்டுவிட வேண்டும் என்று தென்னிந்திய சபைகளுக்கு எழுதினார். தஞ்சாவூரில் பலர் சாதியை விடுவதைவிட ஆலயத்தை விடுவது மேல் என்று விலகினார்கள். இரண்டு நூற்றாண்டு ஆகப்போகிறது. கிறிஸ்தவ மணமகன் தேவை விளம்பரங்களில் "இரட்சிக்கப்பட்ட" என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே சாதிப்பெயர் இன்றும் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் பிள்ளைக்கு வரன் பார்க்கும்போது முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்பதை இடப்பக்கத்தில் நேர்மையாக எழுதுங்கள். நெகேமியாவின் உடன்படிக்கையிலும் முதல் வாசகம் திருமண சம்பந்தம்தான். ஆனால் அங்கே கேள்வி யாரை ஆராதிக்கிறார்கள் என்பது. குலப்பெருமைக்கு அதை ஆதாரமாக்கக் கூடாது.

கடைசித் தலைப்பு, சபையில் என் இடம். வெஸ்லியின் ஆராதனையில் வளர்ந்த ஜெபத்தில் ஒரு வேண்டுதல் உண்டு: ஆண்டவர் தன்னை வேலையில் வைத்தாலும், ஒதுக்கி வைத்தாலும் சரி என்று. ஊழியர்களுக்கும் கமிட்டி அங்கத்தினர்களுக்கும் இதில்தான் தொண்டை அடைக்கும். சேகரத் தேர்தலில் தோற்றாலும், பாடகர் குழுவில் மைக் வேறொருவர் கைக்குப் போனாலும், ஞாயிறு பள்ளிப் பொறுப்பை இளையவரிடம் கொடுத்துவிட்டாலும் அடுத்த ஞாயிறு அதே பெஞ்சில் உட்காருவேனா? பணத்தைக் கொடுத்தவர்கள் உண்டு. நாற்காலியைக் கொடுத்தவர்கள் அரிது.

மூன்றாம் வாரம்: கடனும் ஒப்புரவும்

மத்தேயு 5:23-24 வரிசையைச் சொல்லிவிட்டது: காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டுப் போ, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு, பின்பு வந்து செலுத்து. கையெழுத்திடுமுன் செய்ய வேண்டிய வேலை இது. பலர் இதைத் தாண்டிக் குதித்து ஜெபத்துக்குப் போவார்கள். உடன்படிக்கை கெடுவதற்கு முதல் காரணமும் இதுவே.

ஏமாற்றி எடுத்தது இருந்தால், நியாயப்பிரமாணத்தின் அளவு முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தருவது (லேவியராகமம் 6:5). 10,000 என்றால் 12,000. வரி வசூலித்த சகேயு (லூக்கா 19) நாலத்தனை தருவேன் என்றான். அது அவனுடைய சந்தோஷம். உங்களுக்கு ஐந்தில் ஒன்று தொடக்கமாக இருக்கட்டும். மொத்தமாக முடியாவிட்டால் மாதம் இவ்வளவு என்று அவரிடமே சொல்லித் தேதி குறித்துக்கொள்ளுங்கள். கந்துவட்டிக்கு வாங்கிக் காணிக்கை போடுவதும், கொடுக்க வேண்டிய கூலியை நிறுத்திவைத்து ஊழியத்துக்கு அனுப்புவதும் கொர்பான் வேலை. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைத் தேவனுக்கென்று ஒதுக்கிவிட்டேன் என்றவர்களை இயேசு என்ன சொன்னார் என்பது மாற்கு 7-ல் இருக்கிறது.

பேசாத உறவுக்கு ஒரு போன் அழைப்பு, அதிகபட்சம் ஐந்து நிமிஷம். "அண்ணே, அன்னைக்கு அப்பா அடக்கத்துல நான் பேசினது தப்பு. மன்னிச்சிடுங்க." அவ்வளவுதான். "ஆனா நீங்களும்" என்று தொடங்கும் வாக்கியத்தை விழுங்கிவிட வேண்டும். அவர் போனை வைத்துவிடலாம். உங்கள் பங்கு முடிந்தது. "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்றுதான் ரோமர் 12:18-ம் சொல்கிறது. சில விஷயங்களை அழைத்துச் சொல்லக் கூடாது. உங்கள் மனச்சுமை இறங்குவதற்காக இன்னொருவரின் குடும்பத்தை உடைக்கும் அறிக்கை, உங்களுக்குத் தீங்கு செய்தவரை மறுபடி நெருங்க வைக்கும் அழைப்பு இவை அந்த வகை. அப்படிப்பட்டதை முதலில் நம்பிக்கையான மூத்தவர் ஒருவரிடம் கலந்து பேசுங்கள்.

இதே வாரத்தில் துணையையும் தேர்ந்தெடுங்கள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். உங்களுக்குக் கடன் கொடுத்தவரோ, மேலதிகாரியோ, மாமியாரோ வேண்டாம். உங்களைப் பார்த்து வியப்பவரும் வேண்டாம், கேள்வி கேட்கமாட்டார். முக்கியமாக, கேட்டதை "ஜெபக்குறிப்பு" என்ற பெயரில் வாட்ஸ்ஆப் குழுவில் ஏற்றிவிடுகிறவர் வேண்டவே வேண்டாம். ஒருவர் போதும். மூன்று பேர் வரை நல்லது. அதற்கு மேல் போனால் அது கூட்டம்.

நான்காம் வாரம்: தாள்

இப்போது நோட்டின் வலப்பக்கங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வரி எழுதுங்கள். பிறகு அவற்றிலிருந்து ஐந்தே ஐந்து வரிகளைத் தனித்தாளுக்கு மாற்றுங்கள். ஏழையும் எடுத்தால் இரண்டு மாதத்தில் எல்லாம் விழும். விட்டுப்போன இரண்டு அடுத்த வருஷத்துக்கு.

ஒவ்வொரு வரியிலும் மூன்று இருக்க வேண்டும்: ஒரு செயல், ஒரு எண், ஒரு இடம் அல்லது நாள். "இனி அதிகமாக ஜெபிப்பேன்" என்பதை யாரும் சரிபார்க்க முடியாது. "காலை 5.30 முதல் 5.50 வரை, சமையலறை மேசையில், போன் ஹாலில் சார்ஜில் இருக்க, ஒரு சங்கீதமும் சுவிசேஷத்தில் பத்து வசனமும் வாசித்து ஜெபிப்பேன், வாரத்தில் ஐந்து நாள்" என்பதைச் சரிபார்க்கலாம். ஏன் ஐந்து? ஏழு என்று எழுதினால் முதல் தவறலிலேயே உடைந்தது போலத் தோன்றும். ஐந்தில் காய்ச்சலுக்கும் விருந்தாளிக்கும் இடம் இருக்கிறது.

பணத்துக்கும் அதே புத்தி. தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒன்று) புதிய ஏற்பாட்டு விசுவாசிக்குக் கட்டளையா என்பதில் சபைகளுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. அந்த விவாதத்தை முடித்துவிட்டுத்தான் கொடுப்பேன் என்றால் ஒருநாளும் கொடுக்கப்போவதில்லை. மேலே உள்ள குடும்பம் 200-லிருந்து ஒரே தாவலில் 3,200-க்குப் போனால் இரண்டாம் மாதம் வாடகைக்குக் கை நீட்டும். முதல் மூன்று மாதம் 1,000, அடுத்த மூன்று 1,500, பிறகு 2,000, கடைசி மூன்று 2,500. சம்பளம் ஏறிய அன்றே அதைத் தனியாக எடுத்து வைப்பது, மிச்சத்தில் கொடுப்பதல்ல. ஆக்ஸ்போர்டின் ஆரம்பகால மெதடிஸ்டு ஒருவர் (வெஸ்லிதான் என்பார்கள்) வருஷ வருமானம் 30 பவுண்டாக இருந்தபோது 28-ல் வாழ்ந்து 2-ஐக் கொடுத்தார்; வருமானம் 60 ஆனபோதும் அதே 28-ல் வாழ்ந்து 32-ஐக் கொடுத்தார். செலவு வரியை நிறுத்தி வைத்தார் என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது. சம்பள உயர்வு வரும் மாதத்துக்கென ஒரு வரியை இப்போதே எழுதிவைக்கலாம்.

ஐந்தில் நான்கு இப்படிச் செய்ய வேண்டியவை. ஐந்தாவது வரி வேறு மாதிரி: கையைத் திறந்துவைக்க வேண்டியது. மகனின் வெளிநாட்டு வேலை, குழந்தை இல்லாமை, தள்ளிப்போகும் திருமணம், மேலே சொன்ன நாற்காலி. இதில் எண் கிடையாது. "இது எனக்குக் கிடைக்காமல் போனாலும் உம்மைப் பின்பற்றுவேன்" என்று உங்கள் சொந்த வார்த்தையில். இதை எழுத மூன்று நாள் ஆனால் ஆகட்டும். எழுத முடியாவிட்டால் "இதை எழுத எனக்கு இன்னும் மனமில்லை, மனதைத் தாரும்" என்று எழுதுங்கள். அதுவும் செல்லும். எழுதாததை எழுதியதாகக் காட்டுவதுதான் செல்லாது. நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை மறைத்த அனனியாவும் சப்பீராளும் (அப்போஸ்தலர் 5) ஒரு பங்கைக் கொடுத்ததற்காகத் தண்டிக்கப்படவில்லை, ஒரு பங்கை முழுசு என்று சொன்னதற்காக.

தாளில் வரக் கூடாதவை: வேலையை ராஜினாமா செய்வது, வீட்டை விற்பது, முழுநேர ஊழியத்துக்குப் போவது, திருமணத்தை முறிப்பது. உணர்ச்சி மேலோங்கிய நாட்களில் திரும்பப் பெற முடியாத எந்த முடிவையும் 90 நாளுக்குள் எடுக்க வேண்டாம். பவுல் கொரிந்துவில் கூடாரம் பண்ணிக்கொண்டே ஊழியம் செய்தார். அழைப்பு உண்மையானால் ஒரு வருஷம் காத்திருப்பதில் அது கெட்டுப்போகாது. மனைவி அல்லது கணவனின் சம்மதம் இல்லாமல் குடும்பப் பணத்தைத் தொடும் வரியும் கூடாது.

அந்த நாள்

வருஷத்தின் முதல் சனிக்கிழமை மாலை பொருத்தமானது. மறுநாள் திருவிருந்து ஆராதனை இருந்தால் இன்னும் நல்லது. காலையும் மதியமும் உபவாசம், தண்ணீர் குடிக்கலாம். சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், மருந்து எடுப்பவர்கள் உணவை விட வேண்டாம். அன்றைக்குப் போனை விடட்டும். பலருக்கு அதுதான் பெரிய உபவாசம்.

மொத்தம் 45 நிமிஷம். சங்கீதம் 139-ஐ முழுவதும் சத்தமாக வாசிக்க 5 நிமிஷம். "தேவனே, என்னை ஆராய்ந்து" என்ற 23-ஆம் வசனத்தில் நிறுத்துங்கள். நோட்டின் இடப்பக்கங்களை முழங்காலில் இருந்து வாசித்து அறிக்கையிட 10. பேசாமல் இருக்க 10. இது நீளமாகத் தெரியும், பாட்டுப் போட்டு நிரப்பாதீர்கள். 1 யோவான் 1:9-ஐத் துணை எடுத்து வாசிக்கட்டும். அறிக்கை செய்தவர் தானே வாசித்துக்கொள்வதைவிட இன்னொருவர் வாயால் கேட்பது வேறு. பிறகு எழுந்து நின்று ஐந்து வரிகளையும் வாசிக்க 5. கையெழுத்து, தேதி, துணையின் கையெழுத்து. மீதி நேரம் கர்த்தருடைய ஜெபமும், தெரிந்த ஒரு ஞானப்பாட்டும். தாளை வேதாகமத்துக்குள் நெகேமியா 10-ல் வையுங்கள். ஸ்டேட்டஸில் போடாதீர்கள்.

குடும்பமாகச் செய்தால் அவரவர் தாள் அவரவருக்கு. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டு வரி போதும். அதை அப்பா எழுதிக் கொடுக்கக் கூடாது.

காப்பது

வெஸ்லியின் இயக்கத்தில் உடன்படிக்கையைத் தாங்கி நின்றது வாராந்தர வகுப்புக் கூட்டம். அது பிறந்த கதை சுவையானது. 1742-ல் பிரிஸ்டல் ஆலயக் கட்டடக் கடனை அடைக்க, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று முடிவாயிற்று. பன்னிரண்டு பேருக்கு ஒருவர் வசூலிக்கப் பொறுப்பேற்றார். வீடு வீடாகப் போனவர்கள் பென்னியோடு சேர்த்து அங்கே நடப்பதையும் பார்த்தார்கள்: குடி, சண்டை. கடன் வசூல் ஆத்தும விசாரிப்பாக மாறிற்று.

உங்கள் சந்திப்பு வாரம் ஒருமுறை, 30 நிமிஷம், ஒரே நாள், ஒரே நேரம். டீக்கடை பெஞ்சு போதும். தாளைப் பார்த்து முதல் நான்கு வரிக்கும் எண்ணைக் கேட்க வேண்டும்.

"அண்ணே, காலை ஜெபம் எத்தனை நாள்?"

"மூணு."

"மத்த நாள்?"

"ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் ரீல்ஸ். காலையில எழ முடியல."

"அப்போ சரி பண்ண வேண்டியது காலை இல்ல, ராத்திரி. போனை எத்தனை மணிக்கு ஹாலுக்கு அனுப்பலாம்?"

"பத்து."

இதுதான் முழு உரையாடல். கேட்கிறவர் பிரசங்கம் செய்தால் அடுத்த வாரம் இவர் எண்ணைக் கூட்டிச் சொல்வார். கடைசியாக இருவரும் மாறி மாறி ஒரு நிமிஷ ஜெபம். மாதத்தின் கடைசி வாரம் மட்டும் ஐந்தாவது வரியைப் பற்றிப் பேசுங்கள். வாராவாரம் பேசினால் அது தேய்ந்துபோகும்.

எங்கே கெடும் என்பது முன்கூட்டியே தெரிந்ததுதான். மூன்றாம் வாரத்தில் முதல் உற்சாகம் வடியும். அப்போது வரிகளைக் குறைக்காமல் அளவைக் குறையுங்கள், இருபது நிமிஷம் பத்தாகட்டும். தவக்காலத்தில் எல்லாம் நன்றாக நடக்கும். கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும்போது சரியும், ஏனெனில் அங்கே சமையலறை மேசை இல்லை. போகுமுன்பே "பாட்டி வீட்டு மொட்டை மாடி, 6 மணி" என்று தாளின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆறாம் மாதத்தில் எதிர்த்திசையில் ஒன்று வரும்: எல்லாம் சரியாக நடக்கிறது, அதனால் அடுத்தவர் ஜெபிப்பதில்லை என்பது கண்ணில் படத் தொடங்கும். அப்போது துணையிடம் அதையே அறிக்கையாகச் சொல்லிவிடுங்கள். பெயர் சொன்னால் பாதி போய்விடும்.

தவறிய அன்றே மூன்று காரியம்: எந்த வரி என்று சொல்வது, ஈடுசெய்ய வேண்டியது இருந்தால் செய்வது, மறுநாள் அதே அளவில் தொடர்வது. தவறியதற்குத் தண்டனையாக மறுநாள் இரண்டு மணி நேர ஜெபம் என்று ஏற்றிக்கொள்ளாதீர்கள். அது கந்துவட்டிக் கணக்கு. அதேபோல, "சரி, டிசம்பர் 31-ல் புதிதாகத் தொடங்கலாம்" என்று மார்ச்சிலேயே கைவிடுவதும் வேண்டாம்.

நெகேமியாவுக்கும் இதே நடந்தது. பன்னிரண்டு வருஷம் ஆளுநராக இருந்துவிட்டு ராஜாவிடம் போய்த் திரும்பி வந்தபோது, 13-ஆம் அதிகாரத்தில் அவர் கண்டது: ஆலயத்தின் காணிக்கை அறையில் எதிரியான தொபியாவின் தட்டுமுட்டுகள், பங்கு கிடைக்காமல் வயலுக்குப் போய்விட்ட லேவியர், ஓய்வுநாளில் மீன் சந்தை, பழைய திருமண சம்பந்தங்கள். கையெழுத்திட்ட அதே வரிகள், ஒவ்வொன்றாக. கோபப்பட்டார், கடிந்துகொண்டார், சிலரின் மயிரைக்கூடப் பிடித்து இழுத்தார் (அதைப் பின்பற்ற வேண்டாம்). ஆனால் அதோடு நிற்கவில்லை. சாமான்களை வெளியே எறிந்து அறையைச் சுத்தம்பண்ணச் சொன்னார், காணிக்கைப் பண்டகசாலைக்கு நம்பகமானவர்களை நியமித்தார், வெள்ளி மாலை மங்கும்போதே நகரவாசல் கதவுகளைப் பூட்டி ஆள் நிறுத்தினார். உங்கள் தாளில் அடிக்கடி உடையும் வரி எதுவோ, அதற்கு ஒரு கதவும் ஒரு ஆளும் தேவை. கடன் செயலியை நீக்கிவிட்டு அதன் விவரத்தைத் துணைக்குத் தெரிவிப்பது, மது வாங்கும் கடை இருக்கும் தெருவை விட்டு வேறு வழியாக வீட்டுக்கு வருவது, போனைப் பத்து மணிக்கு மனைவியின் அலமாரியில் வைப்பது போன்றவை.

வருஷம் முடியும்போது பழைய தாளைக் கிழிக்காதீர்கள். அதன் பின்பக்கத்தில் காத்தவை, உடைந்தவை, உடைந்து ஒட்டியவை என்று எழுதித் தேதியிட்டு, புதிய தாளின் கீழே வையுங்கள். புதிய தாளின் முதல் வரி, போன வருஷம் அதிகம் உடைந்த வரியாக இருக்கட்டும்.